மூன்று நாள் வைத்துப் பார்த்த கல்

சத்தீஸ்கர்
3-6-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி சந்தோஷ். வெயில் தோலை உரிப்பதைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பேபி அத்தைக்கு சர்க்கரை இறங்கியதா, இல்லை திருட்டு ஜாங்கிரி இன்னும் ஓடுகிறதா?

எங்கள் ரிசர்வ் போலீஸ் முகாமைக் காட்டுக்குள்ளே மாற்றிவிட்டார்கள். டவர் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை ரேஷன் வண்டி வரும், அதில் தபால் பையும் வரும். போன் அடித்துப் பார்த்துவிட்டு ஒப்பாரி வைக்காதே. லெட்டர் போடு.

விஷயம் இதுதான். ஆவணி பத்தொன்பது நிச்சயதார்த்தத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், கிடைத்துவிடும். அன்றைக்கு ஸ்வாதிக்கு வைர மோதிரம் போட வேண்டும். சிரிக்காதே. டெங்கு வந்தபோது பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தவளிடமே போய் மாட்டிக்கொண்டான் என்று நீ ஊர் முழுக்கக் கிண்டல் பண்ணியது போதும்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் போன லீவில் மாங்காட்டில் அவள் பெரியப்பா பெண்ணின் நிச்சயத்துக்குப் போனோம் இல்லையா, அந்த ஐ.டி. மாப்பிள்ளை வைரம் போட்டான். பெண்கள் எல்லாரும் அந்தக் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். ஸ்வாதியும் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அது எனக்குத் தாங்கவில்லை, அக்கா.

ஐம்பதாயிரம் வைத்திருக்கிறேன். உன் கணக்கில் போடச் சொல்லிவிட்டேன். அதற்குமேல் ஒரு ரூபாய் போகக் கூடாது, உன் சீட்டுப் பணத்தில் நீ கை வைக்கவும் கூடாது. நீதான் பார்த்து வாங்க வேண்டும். திருமழிசை எஸ்டேட்டில் பதினோரு வருஷமாக லென்ஸை வைத்துக்கொண்டு பம்ப் ஷாஃப்டில் கீறல் தேடுகிறவளை எந்தக் கடைக்காரன் ஏமாற்றுவான்?

பதில் போடு. வேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி,
சந்தோஷ்

---

திருமழிசை
14-6-2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா யுவராணி எழுதுவது. உன் லெட்டர் வந்து சேர எட்டு நாள் ஆயிற்று. அதற்குள் நான் வேண்டாத சாமி இல்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம். அத்தைக்கு சர்க்கரை இருநூற்று நாற்பது. ஜாங்கிரியை விட்டுவிட்டாள், இப்போது அல்வா.

ஐம்பதாயிரத்தில் வைரமா என்று வாயில் வந்ததை எல்லாம் உன்னைத் திட்டிவிட்டுத்தான் பூந்தமல்லி கடைத்தெருவுக்குப் போனேன். பெரிய கடைகளில் என் புடவையைப் பார்த்துவிட்டு மூக்குத்தி கவுன்ட்டருக்குக் கை காட்டினார்கள். கடைசியில் முகமது ஆசிக் என்று ஒரு பையன், சின்னக் கடை, உட்கார வைத்துப் பேசினான்.

"யக்கா, தங்கம் விக்கிற வெலைக்கு, அம்பதாயிரத்துல மோதிரமே முடியணும்னா கல்லு இருவது இருவத்தஞ்சு சென்ட்டுதான் வரும். நூறு சென்ட்டு சேந்தா ஒரு கேரட்டு" என்றான். கொத்துமல்லி விதையில் பாதி இருக்கிறது, தம்பி. நான் முகத்தைச் சுளித்ததும் வேறு ஒன்றை எடுத்து வைத்தான். பட்டாணிக்கு நிகர். "இது லேப்புல வளத்ததுக்கா. இதுவும் வைரந்தான். காசு கம்மி. பாத்தா ஒரு ஆளுக்கும் தெரியாது."

எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. வீட்டில் வந்து சொன்னேன், அத்தை குதித்தாள். "லேப்புல வளத்தாங்களா? இன்னாமே, கோயிப்பண்ணையா? கல்லுன்னா மண்ணுல கெடைக்கணும்!" அதோடு விட்டாளா? "தோ பாரு யுவராணி, எந்தக் கல்லா இருந்தாலும் மூணு நாளு நம்ம ஊட்ல வச்சுப் பாக்காம அந்தப் பொண்ணு கையில மாட்டாத. மூணு நாள்ல கெட்டது எதுனா நடந்துச்சுன்னா திருப்பிக் குட்த்துடு. ஒருக்கா நாம பட்டது போதாதா?"

ஆசிக்கிடம் விசாரித்தேன். முன்பணம் கட்டினால் கல்லைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பானாம். பாதிப் பேர் அப்படித்தான் வாங்குகிறார்களாம்.

"ஒருக்கா பட்டது" என்று அத்தை சொன்னதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும்.

லேப் கல்லா, மண்ணுக் கல்லா? சீக்கிரம் எழுது. ஆடி பிறந்துவிட்டால் அத்தை கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க விடமாட்டாள். கொசுவலை இல்லாமல் தூங்காதே.

உன் அக்கா,
யுவராணி

---

சத்தீஸ்கர்
25-6-2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். மழை ஆரம்பித்துவிட்டது, அட்டைப்பூச்சிகள் எங்களை விருந்து சாப்பிடுகின்றன.

சின்னதாக இருந்தாலும் மண்ணில் கிடைத்ததே இருக்கட்டும். லேப் கல் மட்டம் என்று சொல்லவில்லை. அவள் சொந்தக்காரர்களில் எவளாவது "ஒரிஜினலா?" என்று கேட்டால் ஸ்வாதி யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த மூன்று நாள் சமாச்சாரம் வேண்டாம். நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு அப்பா கடன் வாங்கி வைர மூக்குத்தி போட்டார். பதினாலாவது மாதம் மாமாமேல் பைபாஸில் லாரி மோதியது. சாவு வீட்டிலேயே உன் மாமியார், "கல்லு ஒத்துக்கல, இவ காலு வச்ச நேரம், எம்புள்ள போயிட்டான்" என்று எல்லார் எதிரிலும் சொன்னார். பேபி அத்தை நம் பக்கத்து ஆளாக நின்றுகொண்டே அதற்குத் தலையாட்டியது. பத்தாம் நாள் உன்னை அம்பத்தூரிலிருந்து ஒரு பையோடு அனுப்பினார்கள். அப்போது காலேஜ் முதல் வருஷம் எனக்கு. ஆட்டோவில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன், மூக்குத்தி இருந்த இடத்தில் நீ கையை வைத்துக்கொண்டே வந்தாய்.

அந்தப் பேச்சு ஸ்வாதி தலையில் விழக் கூடாது. மூன்று நாளில் வீட்டுப் பூனை செத்தால்கூட அவள் ராசி என்பார்கள். அத்தையிடம் நான் சொன்னேன் என்று சொல். நேராகக் கடைக்குப் போ, வாங்கு, முடி.

உன் தம்பி,
சந்தோஷ்

---

திருமழிசை
10-7-2025

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் காலில் அட்டை கடித்த இடத்தில் மஞ்சள் வை, சொரியாதே.

கல்லைப் பார்த்துவிட்டேன்! மூன்று சனிக்கிழமை ஆசிக் கடையில் பழியாகக் கிடந்தேன். அவனும் சலிக்காமல் முப்பது கல் காட்டினான். முப்பது சென்ட்டில் ஒன்று, பெரிது, ஆனால் நட்ட நடுவில் மிளகுத்தூள் மாதிரி கறுப்பு. பதினாலு சென்ட்டில் ஒன்று, மாசுமருவே இல்லை, ஆனால் மோதிரத்தில் வைத்தால் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று துடைத்துவிடுவார்கள். நான் எடுத்தது இருபத்திரண்டு சென்ட். வெள்ளைத்தாளில் வைத்தால் ஒரு துளி மஞ்சள் தெரிகிறது. மஞ்சள் தங்கத்தில் உட்கார்ந்துவிட்டால் தெரியாது. ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு. எங்கள் கம்பெனியில் ஷாஃப்டில் அப்படி இருந்தால் சிவப்பு மார்க் போட்டுத் தூக்கி எறிவேன். "கல்லைப் புடிக்கிற கம்பி அந்த எடத்துலயே வந்து உக்கார்ற மாரி பண்ணித் தரேன்க்கா" என்றான் ஆசிக். அந்தக் கோட்டால்தான் அது நமக்குக் கட்டுப்படியாகிற விலைக்கு வந்தது. விளக்குக்குக் கீழே திருப்பினேன், எப்படி மின்னுகிறது தெரியுமா! எனக்கே திரும்ப உள்ளே வைக்க மனசில்லை.

இப்போது திட்டாமல் படி. மூன்று நாள் வைத்துப் பார்க்கத்தான் போகிறேன். நாளை வெள்ளிக்கிழமை காலையில் எடுத்து வருகிறேன், திங்கள் காலையில் கொண்டுபோவேன்.

நான் வைத்துப் பார்க்காமல் விட்டேன் என்று வை. நாளைக்கு உங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட "அன்னிக்கே வச்சுப் பாத்திருக்கணும்" என்று அத்தை ஆரம்பிப்பாள். கல்லைச் சொல்கிற மாதிரிதான் இருக்கும், அடி விழுவது போட்டிருக்கிறவளுக்கு. அவளைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை யாரும் பேச இடம் வைக்கக் கூடாது. மூன்று நாள் நல்லபடியாகப் போனால், "அத்தை, நீ சொன்ன மாதிரியே வச்சுப் பாத்தாச்சு, வாயை மூடு" என்று சொல்லிவிடலாம். சுருக்குப்பையில் போட்டு என் கழுத்திலேயே கட்டிக்கொள்ளப் போகிறேன். அத்தையும் நாளைக்கு ஆவடியில் மகள் வீட்டுக்குப் போகிறாள், செவ்வாய்க்கிழமைதான் வருவாள். வீட்டில் நான் ஒருத்திதான். எனக்கு என்ன வந்துவிடப் போகிறது?

ஸ்வாதியிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே.

உன் அக்கா,
யுவராணி

---

சத்தீஸ்கர்
19-7-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

இங்கே மழை. வேலை அதிகம். காதில் கொஞ்சம் இரைச்சல், தண்ணீர் போயிருக்கும். மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

கல் உன்னிடம் இருந்தது வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும்தானே? சனிக்கிழமை காலையில் கழுத்தில்தான் இருந்ததா? அதை மட்டும் எழுது.

வண்டி கிளம்புகிறது. நன்றாக இருக்கிறேன்.

சந்தோஷ்

---

திருமழிசை
24-7-2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடிக்கிறேன், ஆச்சரியப்படாதே. இரண்டு வாரமாக எனக்கு ரிப்போர்ட் வேலை கொடுத்திருக்கிறார்கள். பழகட்டுமே என்று இதிலேயே அடிக்கிறேன்.

கல் மூன்று நாளும் என்னிடம்தான் இருந்தது. சனிக்கிழமை காலையிலும் கழுத்தில்தான். ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனேன். சனிக்கிழமை சாயந்திரம் மழை பெய்தது. ஞாயிற்றுக்கிழமை படுத்திருந்தேன். அத்தையிடமும் அப்படியே சொல்லியாயிற்று. அத்தைக்குத் திருப்தி. திங்கட்கிழமை ஆசிக்கிடம் மோதிரத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன், ஆடிக்கு முன்னாலேயே.

உன் லெட்டர் ஏன் ஒரு பக்கம்கூட இல்லை? "நன்றாக இருக்கிறேன்" என்று மூன்று தடவை எழுதியிருக்கிறாய். ஒரு தடவை எழுதினால் போதாதா? காதை டாக்டரிடம் காட்டு. வாரம் தவறாமல் இரண்டு வரியாவது போடு. போடுவாய்தானே?

அக்கா

---

மாங்காடு
2-8-2025

அன்புள்ள சந்தோஷுக்கு,

ஸ்வாதி எழுதுகிறேன். அப்பா, அம்மா, நான் எல்லாரும் சுகமாக இருக்கிறோம். உங்களுக்குக் காது இரைச்சல் என்று அண்ணி சொன்னார்கள், சொட்டு மருந்து எதையும் நீங்களாக விட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லக் கூடாது என்று அண்ணி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். இருபது நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அண்ணிக்கு வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை சாயந்திரம். பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறார்கள், மழைத்தண்ணீரில் பள்ளம் தெரியவில்லை. யாரோ ஆட்டோவில் ஏற்றி எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். எலும்பு இரண்டு இடத்தில் விட்டிருக்கிறது. ஆறு வாரக் கட்டு.

பயப்படாதீர்கள், நன்றாகக் கூடி வருகிறது. ஆனால் அன்றைக்கு அவர்கள் நடந்துகொண்டதுதான் எனக்குப் புரியவில்லை. கை அப்படி வீங்கியிருக்கிறது, வலிக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. கழுத்தில் ஒரு சுருக்குப்பை. எக்ஸ்ரே எடுக்கக் கழற்றச் சொன்னால் தரவே மாட்டேன் என்கிறார்கள். இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். "ஸ்வாதி, யார் கேட்டாலும் நான் திங்கக்கெழம உழுந்தேன்னு சொல்லு. சனிக்கெழமன்னு வாயில வரவே கூடாது. சந்தோசுக்கு மொத்தமாவே தெரியக் கூடாது" என்றார்கள். அப்போதுதான் அழுதார்கள்.

சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பையில் என்ன இருந்தது? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். என்னைப் பற்றிய விஷயமாக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள்,
ஸ்வாதி

---

சத்தீஸ்கர்
9-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

கையை உடைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் கம்ப்யூட்டரில் டைப் அடித்தாயா? சனிக்கிழமை மழை பெய்ததாம், அவ்வளவுதானாம். சீ, உன்னோடு பேசக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். வலி எப்படி இருக்கிறது? சோறு எப்படிச் சாப்பிடுகிறாய்? தலை யார் பின்னிவிடுகிறார்கள்? ஸ்வாதியைத் திட்டாதே. அவளாவது சொன்னாளே.

நானும் ஒன்றை மறைத்தேன். அதே சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு ரோந்து போனோம், ஒருத்தர் பின்னால் ஒருத்தராக. வரிசையில் நான் மூன்றாவது ஆள். ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, என் வயர்லெஸ் பேட்டரி இறங்கிவிட்டது, மாற்றிக்கொண்டு வா என்று முகாமுக்குத் திருப்பி அனுப்பினார்கள். எனக்குப் பின்னால் வந்த ஜார்க்கண்ட் பையன் என் இடத்துக்கு வந்தான். நான் ஓடிவந்து அவர்களைத் தொடுகிற நேரம், கண்ணிவெடி. அவனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. நான்தான் தோளில் போட்டுத் தூக்கி வந்தேன். உயிர் இருக்கிறது. ஒரு வாரம் எனக்குக் காது கேட்கவில்லை.

ஐந்தாறு நாள் யாரோடும் பேசாமல் கிடந்தேன். அப்புறம்தான் தேதியை யோசித்தேன். அக்கா, புரிகிறதா? அந்த நேரத்தில் கல் உன் கழுத்தில் இருந்தது! அதுதான் என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. எனக்கு வந்ததில் கொஞ்சம் உன் கையோடு போயிற்று. கெட்ட கல் இல்லை அது, ராசியான கல். ஸ்வாதி ராசியானவள். அத்தையிடம் இப்போதே போய்ச் சொல். நிச்சயதார்த்தத்தன்று எல்லார் எதிரிலும் நானே எழுந்து சொல்லப் போகிறேன், இவள் வருகிற நேரம்தான் என் உயிரைக் காப்பாற்றியது என்று. அப்புறம் எவன் அவளைப் பேசுவான், பார்க்கிறேன்.

முப்பத்தொன்றாம் தேதி வந்துவிடுவேன்.

உன் தம்பி,
சந்தோஷ்

---

திருமழிசை
17-8-2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா சொல்லச் சொல்ல எழுதுவது ஸ்வாதி. கட்டுப் பிரிக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடிக்க எனக்குப் பிடிக்கவில்லை. உன் லெட்டரை இவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கல், மூன்று நாள், என் மூக்குத்தி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண்ணிவெடி வந்த இடத்தில் இவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றாள். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். இவள் கையில் போடப்போகிற மோதிரத்தை இவளுக்குத் தெரியாமல் சோதித்தேன், தப்பு. மன்னிப்புக் கேட்டேன். "எழுதுங்க அண்ணி, சாரி, சொல்லுங்க அண்ணி" என்கிறாள்.

நீ உயிரோடு இருக்கிறாய். அதற்கு நான் எந்தச் சாமியை எப்படிக் கும்பிடுவேன் என்றே தெரியவில்லை. 

நான் ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். பள்ளத்தில் விழுந்து கிடந்தபோது கை வலிக்கவில்லை, "போச்சு, இவளையும் சொல்லிடுவாங்க" என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. கல்லைத் திருப்பிக் கொடுத்தால் அத்தை நாலு தெருவுக்கு ஏன் என்று சொல்வாள். அதனால் மறைத்தேன். மறைத்துவிட்டு உன் தபால் வராத ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைத்தேன். இந்தக் கல்லை நான் விடாப்பிடியாக வாங்கியதால் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நம்பவே மாட்டேன் என்று ஒன்பது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், ராத்திரி பகல் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். கல் உன்னைக் காப்பாற்றியது என்று யாரிடமும் வாயைத் திறக்காதே. நிச்சயத்தன்று எழுந்து நின்று ஏதாவது உளறினாய், எல்லார் எதிரிலும் அறைவேன். அந்த ஜார்க்கண்ட் பையனுக்கும் அக்கா இருப்பாள். அவள் எந்தக் கல்லைக் கழுத்தில் கட்டாமல் விட்டாள், சொல்லு? உனக்கு நல்லது வந்தது இவள் ராசியால் என்று நீயே ஊரைக் கூட்டிச் சொன்னால், நாளைக்கு ஒரு கெட்டது வரும்போது அதே ஊர் இவளிடம்தான் வந்து நிற்கும். என்னையும் மருமகளாகக் கூட்டிப்போன முதல் மாதம், உன் மாமாவுக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. "மகாலட்சுமி கால் வச்சா" என்று சொல்லி என் மாமியார்தான் எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். பதின்மூன்று மாதம் நான் மகாலட்சுமி. அதே வாய்தான் அப்புறம் அதைச் சொன்னது.

முந்தாநாள் அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமைதான் விழுந்தேன், கல் கழுத்தில் இருந்தது, மோதிரத்தை மாற்றப் போவதில்லை என்றேன். "அடிப்பாவி, தெரிஞ்சும் மாட்டப் போறியா?" என்றாள். "ஆமா. கை ஒடிஞ்சது பள்ளத்தால. கோவம் வந்தா தோண்டினவனப் போய்க் கேளு" என்றேன். இரண்டு நாளாகச் சாப்பிட வரவில்லை. வருவாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்லலாமா என்று யோசிக்கிறேன். ஸ்வாதி, எழுதும்மா.

ஜூன் மாத லெட்டரில் மாமா செத்ததை எழுதினாய். லாரி மோதியது என்று எழுதினாய். கல் ஒத்துக்கொள்ளவில்லை, என் நேரம் என்று அவர்கள் சொன்னதையும் எழுதினாய். ஆட்டோவில் நான் மூக்கில் கை வைத்திருந்ததுகூட உனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர்கள் சொன்னது பொய் என்று மட்டும் நீ எழுதவில்லை. அந்த ஆட்டோவிலும் சொல்லவில்லை. இந்த ஒன்பது வருஷத்தில் அப்பா சொல்லவில்லை, அம்மா சொல்லவில்லை, இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எல்லாரும் என்னிடம் பாசமாகத்தான் இருந்தீர்கள். பாவம் என்றீர்கள். பொய் என்று ஒருத்தர் சொல்லவில்லை.

ஒருவேளை நீங்களும் நம்பினீர்களோ என்று எனக்கு உள்ளே இருக்கிறது.

சரி, போதும். இவள் அழுகிறாள், எழுத்து நனைகிறது. பத்திரமாக வா. ரயிலில் கண்டதை வாங்கித் தின்னாதே.

உன் அக்கா,
யுவராணி

---

சத்தீஸ்கர்
25-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் இந்த லெட்டரும் ஒரே நாளில்தான் வந்து சேர்வோம் போலிருக்கிறது. நேரில் சொன்னால் நான் அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவேன். எழுதியிருந்தால் நீ வைத்துக்கொள்ளலாம். அதனால் எழுதுகிறேன்.

ஆட்டோவில் சொல்ல வாய் வரை வந்தது. பத்தொன்பது வயது, பயமாக இருந்தது. அப்புறம், இத்தனை நாள் கழித்து அதை எடுப்பானேன், உனக்கு வலிக்குமே என்று விட்டேன். நான் சொல்லாததுதான் உனக்கு வலித்தது என்று எனக்குத் தெரியவில்லை. என் மரமண்டையை மன்னித்துவிடு. நான் ஒருநாளும் நம்பவில்லை, அக்கா. சத்தியம்.

மாமா செத்தது லாரி மோதி. மூக்குத்தியால் இல்லை. நீ கால் வைத்த நேரத்தால் இல்லை. உன் மாமியார் சொன்னது பொய். அத்தை தலையாட்டியதும் பொய்க்குத்தான். உன்மேல் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அடுத்த பத்தியை அத்தைக்கு எழுதுகிறேன். அவளை வரச் சொல்லி உட்கார வை. படிக்க வேண்டியது நீ இல்லை, ஸ்வாதி படிக்கட்டும்.

அத்தை, மேலே இருப்பதை ஸ்வாதி இப்போது உனக்கு ஒருமுறை சத்தமாகப் படிப்பாள். காது சரியாகக் கேட்கவில்லை என்றால் இன்னொருமுறை படிப்பாள். அதற்குப் பதிலை நீ எனக்குச் சொல்ல வேண்டாம், அக்காவிடம் சொல். சொல்லிவிட்டுச் சாப்பிடு. இரண்டு நாள் பட்டினி கிடந்தாயாம், உன் சர்க்கரைக்கு அது ஆகாது.

எல்லாரும் சௌக்கியமாக இருங்கள். சென்ட்ரலுக்கு யாரும் வர வேண்டாம், நானே ரயில் மாறி ஆவடியில் இறங்கி பஸ் பிடித்து வந்துவிடுவேன்.

உன் தம்பி,
சந்தோஷ்